இரண்டாம் சுற்றின் கணக்கு

கொங்கு நாட்டு ஊர்களில் மரச்செக்கு ஆடிய காலத்தில் நுகத்தில் பூட்டிய மாடு நாள் முழுதும் சுற்றி வந்தது. சுற்றுக்குச் சுற்று நடந்த தொலைவு கூடிற்று. அது வளைத்த நிலம் கூடவில்லை. வளைகோடு அடைக்கும் பரப்பைக் காணும் கணக்கின் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது.

சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கினால் வட்டத்தின் பரப்பு என்கிறது காரி நாயனாரின் கணக்கதிகாரம். மையத்திலிருந்து வட்டத்தை மெல்லிய கீற்றுகளாக அரிந்தால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு முக்கோணம். அவற்றைக் கூட்டினால் இவ்விதி கிடைத்துவிடும். மையத்திலிருந்துள்ள தூரமும் திரும்பும் கோணமும் கொண்டு வரையப்படும் துருவ வளைவுகளுக்கும் இதே கீற்றுகள்தாம். ஆரம் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே, எந்தக் கோணத்தில் தொடங்கி எதில் நிறுத்துவது என்று நாம் கேட்டாக வேண்டும்.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே ஆர்க்கிமிடீஸ் இதை எதிர்கொண்டார். கோணத்தோடு சீராக ஆரமும் வளரும் சுருளியின் முதற்சுற்று, தன் இறுதி ஆரத்தால் அமையும் வட்டத்தில் மூன்றிலொரு பங்கை அடைக்கும் என நிறுவினார். இரண்டாம் சுற்று முடிகையில்? 0 பாகை முதல் 720 பாகை வரை கூட்டினால் பெரிய வட்டத்தில் 8/12 பங்கு வரும். உள்ளே கிடக்கும் முதற்சுற்றின் 1/12 பங்கு அதில் இருமுறை எண்ணப்பட்டிருக்கிறது. 360 முதல் 720 வரை மட்டும் கூட்டினால் 7/12. ஆர்க்கிமிடீஸ் தந்த விடையும் அதுவே. தொகைநுண்கணிதம் பிறக்க அப்போது இன்னும் 1,800 ஆண்டுகளுக்கு மேல் இருந்தன.

18ஆம் நூற்றாண்டில் இத்தாலியத் துறவி கிராண்டி ஆராய்ந்த மலர்வளைவுகளிலும் இதே கண்ணி உண்டு. மூவிதழ் மலர் 180 பாகைக்குள் முழுதும் வரையப்பட்டுவிடும். 360 வரை கூட்டினால் பரப்பு இருமடங்காகத் தோன்றும். ஆரம் சுழியாகும் அடுத்தடுத்த இரு கோணங்களே ஓர் இதழின் எல்லைகள். வளைவை முதலில் வரைந்து பார்த்தவருக்கு இது கண்ணெதிரே தெரியும். எல்லாவற்றுக்கும் 0 முதல் 360 வரை என்று மனப்பாடமாக எழுதுபவருக்குத் தெரியாது.

அறிவியலைத் தமிழில் சொல்வதற்கென்றே ஜி.ஆர். தாமோதரன் ‘கலைக்கதிர்’ இதழைத் தொடங்கிய ஊர் கோவை. இக்கணக்கையும் தமிழில் சொல்லிவிடலாம் என்ற துணிவு நமக்கு அங்கிருந்து வந்ததே. அதற்கு வேண்டிய சொல்லும் நம் காட்டு வரப்பிலேயே கிடக்கிறது: எல்லை. சூத்திரம் சரியாகவே இருந்தாலும் எல்லைக்கல் இடம் மாறினால் பரப்பு தவறிவிடும்.