விண்வெளி வானிலை முன்கணிப்பும் ஆய்வாளர் தேர்வும்

சூரியனிலிருந்து கிளம்பும் கதிர்வீச்சும் மின்னூட்டத் துகள்களும் காந்தப்புலமும் பூமியைச் சூழ்ந்த வெளியில் விளைவிக்கும் மாற்றங்கள் விண்வெளி வானிலை எனப்படுகின்றன. 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஏறத்தாழ 60 லட்சம் மக்கள் ஒன்பது மணி நேரம் மின்சாரமின்றித் தவிக்கக் காரணமான காந்தப்புயல், இத்துறையின் நடைமுறைத் தேவையை உணர்த்திற்று. இம்மாற்றங்களை முன்னறிந்து கூறும் பல்கலைக்கழக மையம் ஒன்றுக்கு ஆய்வாளர்களைத் தேர்ந்தெடுக்கையில், வெளியிட்ட கட்டுரைகளின் எண்ணிக்கையை முதன்மை அளவுகோலாகக் கொள்வது பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சூரியனின் வெளியடுக்காகிய கொரோனாவிலிருந்து காந்தப்புலத்தோடு பிணைந்த பிளாஸ்மாத் திரள் வீசியெறியப்படுவதைக் கொரோனாப் பொருள் உமிழ்வு என்பர். அது பூமியை வந்தடையப் பொதுவாக ஒன்று முதல் மூன்று நாட்கள் பிடிக்கும். அந்த நேரத்தைக் கணிப்பதில் இன்றைய மாதிரிகள் சராசரியாகப் பத்து மணி நேர அளவில் பிழைபடுகின்றன. அத்திரளின் காந்தப்புலம் தெற்கு நோக்கியிருக்கும்போதே புயல் வலுக்கிறது. அத்திசையோ, பூமியிலிருந்து சூரியன் பக்கமாகச் சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள எல்1 என்னும் புள்ளியருகே நிற்கும் ஆதித்யா எல்1 போன்ற விண்கலங்களைத் திரள் கடக்கும்போதுதான் உறுதியாகத் தெரியவரும் என்பதால், எச்சரிக்கைக்கு எஞ்சுவது ஒரு மணி நேரமோ அதற்கும் குறைவோ ஆகும். சூரியன், சூரியக் காற்று, காந்தக்கோளம், அயனி மண்டலம் ஆகிய நான்கு துறைகளின் வழியே செல்லும், புயல் எப்போது எவ்வளவு வலுவோடு வரும் என்ற வினாவுக்கு ஒரு துறையின் ஆழ்புலமை மட்டும் விடையளிக்காது. காந்த நடுக்கோட்டை ஒட்டியுள்ள தென்னிந்தியாவில், மாலைக்குப் பின் அயனி மண்டலத்தில் எழும் அடர்த்தி குறைந்த பிளாஸ்மாக் குமிழ்கள் ஜிபிஎஸ் சைகைகளைக் குலைக்கின்றன; புயல் அவற்றைச் சில வேளை தூண்டும், சில வேளை அடக்கும். ஆகவே துருவப் பகுதிக்கெனப் பழகிய அறிவை இங்கு அப்படியே பொருத்திவிட முடியாது.

இத்துறைக்கு வேண்டிய உழைப்பின் தன்மையை மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அனுபவம் காட்டுகிறது. அங்கு உருவான விண்வெளி வானிலை மாதிரிச் சட்டகம் 2005இல் ஆய்விதழில் விவரிக்கப்பட்டது; அதன் பூமிசார் பகுதி அமெரிக்க அரசின் முன்கணிப்புப் பணியில் சேர்ந்ததோ 2016இல்தான். கடந்தகாலப் புயல்களைக் கொண்டு பிற மாதிரிகளோடு ஒப்பிடப்பட்டுத் தேறிய பிறகே அது ஏற்கப்பட்டது. தரவு இடையில் அறுந்தாலும் நின்றுவிடாமல் இரவுபகலாக ஓடும்படி நிரலைச் செப்பனிடுவது ஆய்வு மாதிரி அன்றாடப் பணிக்கருவியாக மாறுவதற்கு இன்றியமையாதது. ஆயினும் அவ்வுழைப்பு கட்டுரைப் பட்டியலில் அரிதாகவே இடம்பெறும்.

கணிப்பைச் சரிபார்க்கும் திறனும் அவ்வாறே கண்ணுக்குப் புலப்படாதது. 1884இல் அமெரிக்காவில் ஜான் ஃபின்லி என்பவர் சூறாவளிச் சுழல்காற்றுகளைப் பற்றிச் செய்த 2,803 கணிப்புகளில் 96.6 விழுக்காடு சரியாக அமைந்தன. ஆனால் சுழல்காற்று நிகழ்ந்தவை 51 மட்டுமே. ஒவ்வொரு முறையும் ‘வராது’ என்று சொல்லியிருந்தால் 98.2 விழுக்காடு சரியாகியிருக்கும். எனினும் ஃபின்லி அந்த 51இல் 28ஐ முன்கூட்டியே சொன்னார். ‘வராது’ என்பவரோ ஒன்றையும் சொல்லியிருக்க மாட்டார். வலுமிக்க சூரியச் சுடர்வெடிப்புகளும் இவ்வாறு அரியவை என்பதால், இயந்திரக் கற்றலால் 98 விழுக்காடு துல்லியம் எட்டியதாக விண்ணப்பிப்பவரிடம் தேர்வுக்குழு கேட்க வேண்டியது, நிகழ்ந்த வெடிப்புகளில் எத்தனை பிடிபட்டன, பொய்யெச்சரிக்கைகள் எத்தனை என்பதையே.

பல்கலைக்கழகத்தின் கடமை புதிய அறிவை உருவாக்குவதே, அன்றாட முன்கணிப்பு அரசு நிறுவனங்களின் வேலை என்னும் மறுப்பு எழலாம். ஆயினும் நாள் குறித்துச் சொன்ன கணிப்பு பொய்ப்பதைப் போல ஒரு கோட்பாட்டின் குறையை வெளிப்படுத்தும் சோதனை வேறில்லை; நிகழ்ந்து முடிந்ததை விளக்கும் கட்டுரைக்கு அந்த இடர் கிடையாது. எனவே, பழைய புயல் ஒன்றின் தரவைக் குறிப்பிட்ட மணிவரை மட்டும் கொடுத்து, அடுத்து நிகழக்கூடியதை நிகழ்தகவோடு எழுதச் சொல்வது நேர்காணலின் பகுதியாக வேண்டும். நிரலைப் பேணுவோருக்கு நிலையான பணியிடமும் பதவி உயர்வும் வகுக்கப்பட வேண்டும். தம் கணிப்புகளில் தவறியவற்றையும் காரணத்தோடு பதிந்து வைத்திருப்பவரின் குறிப்பேடு, கட்டுரைப் பட்டியலுக்கு இணையான சான்றாக ஏற்கப்பட வேண்டும்.