கேன்சஸ் நகர ஜாஸ்

கேன்சஸ் நகர ஜாஸ் என்பது ஐக்கிய அமெரிக்காவின் மிசூரி மாநிலத்திலுள்ள கேன்சஸ் நகரில் 1920களிலும் 1930களிலும் வளர்ந்த ஜாஸ் இசைப் பாணி ஆகும். ஜாஸ் இசையின் வரலாற்றில் நியூ ஓர்லியன்ஸ், சிகாகோ, நியூயார்க் ஆகிய நகரங்களுடன் சேர்த்து எண்ணப்படும் நகரம் இது. பெரிய இசைக்குழுக்களின் சுவிங் இசைக்கும் 1940களில் தோன்றிய பீபாப் என்னும் புதிய பாணிக்கும் இடையே பாலமாக அமைந்தது கேன்சஸ் நகர ஜாஸே ஆகும். கவுண்ட் பேசி, லெஸ்டர் யங், மேரி லூ வில்லியம்ஸ், சார்லி பார்க்கர் ஆகியோர் இந்நகரில் உருவான கலைஞர்களுள் முதன்மையானவர்கள்.

பின்னணி

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்குச் சட்டம் நடைமுறையில் இருந்தது. ஆனால் கேன்சஸ் நகரின் அரசியலைத் தன் பிடியில் வைத்திருந்த டாம் பெண்டர்காஸ்ட் (1872–1945) என்பவரின் ஆதரவால் அங்கு மது விற்பனையும் சூதாட்டமும் தடையின்றி நடைபெற்றன. இரவு விடுதிகள் விடியும்வரை திறந்திருந்தன. ஒவ்வொரு விடுதிக்கும் இசைக்கலைஞர்கள் தேவைப்பட்டனர். 1929இல் தொடங்கிய பெரும் பொருளாதார வீழ்ச்சியினால் பிற நகரங்களில் கலைஞர்கள் வேலையிழந்தபோது, இங்கு ஊதியம் குறைவாயினும் வேலை கிடைத்தது. இதனால் டெக்சாஸ், ஓக்லகோமா முதலிய மாநிலங்களிலிருந்து பல கலைஞர்கள் இந்நகருக்கு வந்து சேர்ந்தனர். ஊழல் மிகுந்த ஓர் ஆட்சியின் நிழலில் ஓர் உயர்ந்த கலை வளர்ந்தது என்பது இந்நகர வரலாற்றின் முரண்பாடு ஆகும்.

அக்காலத்தில் இனப் பாகுபாடு கடுமையாக இருந்தது. கறுப்பின மக்களின் வாழ்வும் வணிகமும் பதினெட்டாம் தெருவும் வைன் தெருவும் சந்திக்கும் பகுதியை மையமாகக் கொண்டிருந்தன. இசைக்கலைஞர்களின் தொழிற்சங்கங்கள் கூட இன அடிப்படையில் பிரிந்திருந்தன. கறுப்பினக் கலைஞர்கள் 1917இல் 627ஆம் எண் கொண்ட தனிச் சங்கத்தை அமைத்தனர். ஹைலண்ட் அவென்யூவில் இருந்த அதன் கட்டடம் ஒத்திகைக்கூடமாகவும் இளையோர் மூத்தோரிடம் கற்றுக்கொள்ளும் இடமாகவும் விளங்கியது.

இசையின் தன்மைகள்

கேன்சஸ் நகர ஜாஸ் புளூஸ் இசையை அடித்தளமாகக் கொண்டது. அதன் முக்கியக் கூறுகள் வருமாறு:

* ரிஃப்: ஒரு சிறிய இசைத்தொடரைக் குழுவின் ஒரு பிரிவினர் திரும்பத் திரும்ப வாசிப்பர். அதன்மேல் தனிக்கலைஞர் தம் மனோதர்மத்திற்கேற்ப வாசிப்பார்.
* எழுதாத இசையமைப்பு: பல பாடல்கள் தாளில் எழுதப்படாமல், ஒத்திகையின்போதோ மேடையிலோ கலைஞர்களால் கூட்டாக உருவாக்கப்பட்டு நினைவிலேயே வைக்கப்பட்டன.
* சீரான நான்கடித் தாளம்: வால்டர் பேஜ் (1900–1957) பேஸ் கருவியில் நான்கு அடிகளையும் நடைபோடுவது போல் வாசித்தார். ஜோ ஜோன்ஸ் (1911–1985) தாள ஓட்டத்தைப் பெரிய முரசிலிருந்து கைத்தட்டங்களுக்கு மாற்றினார். இதனால் இசை இலேசாகவும் ஓட்டத்துடனும் ஒலித்தது.
* ஜாம் அமர்வுகள்: விடுதிகளில் வேலை முடிந்தபின் கலைஞர்கள் ஒன்றுகூடி ஒருவரோடொருவர் போட்டியிட்டு விடியும்வரை வாசித்தனர்.

இத்தகைய அமர்வுகளில் புகழ்பெற்றது 1933இல் செரி பிளாசம் விடுதியில் நடந்ததாகும். நியூயார்க்கிலிருந்து வந்த சாக்சபோன் மேதை கோல்மன் ஹாக்கின்சை உள்ளூர்க் கலைஞர்களான லெஸ்டர் யங், பென் வெப்ஸ்டர், ஹெர்ஷல் எவான்ஸ் ஆகியோர் எதிர்கொண்டனர். பியானோ வாசிப்போர் அனைவரும் களைத்துவிட்டதால் விடியற்காலையில் தம்மை எழுப்பி அழைத்துச் சென்றதாக மேரி லூ வில்லியம்ஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார்.

முக்கிய இசைக்கலைஞர்கள்

பென்னி மோட்டன் (1894–1935)

கேன்சஸ் நகரில் பிறந்த பியானோ கலைஞர். இவரது குழு 1923இல் முதன்முதலாக இசைத்தட்டுப் பதிவு செய்தது. வால்டர் பேஜின் புளூ டெவில்ஸ் குழுவிலிருந்து பல கலைஞர்களை இவர் தம் குழுவில் சேர்த்துக்கொண்டார். 1932 டிசம்பரில் இக்குழு செய்த பதிவுகள் சுவிங் இசையின் முன்னோடிகளாகக் கருதப்படுகின்றன. 1935இல் உள்நாக்குச் சதை அறுவை சிகிச்சையின்போது இவர் காலமானார்.

கவுண்ட் பேசி (1904–1984)

நியூ ஜெர்சியில் பிறந்தவர். மோட்டனின் மறைவுக்குப் பின் ரெனோ விடுதியில் தனிக்குழு அமைத்தார். அங்கிருந்து வானொலியில் ஒலிபரப்பான இசையை 1936இல் சிகாகோவில் கேட்ட ஜான் ஹாமண்ட் என்னும் இசைப்பதிவு முகவர் நேரில் வந்து குழுவை வெளியுலகிற்கு அறிமுகப்படுத்தினார். எனினும் டெக்கா நிறுவனத்துடன் பேசி முதலில் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி 24 பதிவுகளுக்கு மொத்தம் 750 டாலர் மட்டுமே கிடைத்தது. விற்பனையில் உரிமைத்தொகை எதுவும் இல்லை.

லெஸ்டர் யங் (1909–1959)

பேசியின் குழுவில் டெனர் சாக்சபோன் வாசித்தவர். மென்மையான ஒலியாலும் நீண்ட இசைத்தொடர்களாலும் அக்கருவிக்குப் புதிய வழி காட்டினார்.

மேரி லூ வில்லியம்ஸ் (1910–1981)

ஆண்டி கிர்க்கின் குழுவில் பியானோ கலைஞராகவும் இசையமைப்பாளராகவும் விளங்கினார். பெண்கள் பெரும்பாலும் பாடகிகளாக மட்டுமே ஏற்கப்பட்ட காலத்தில் ஒரு பெரிய குழுவின் ஒலியையே வடிவமைத்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. பென்னி குட்மனுக்கும் இசையமைத்துக் கொடுத்துள்ளார். பின்னர் நியூயார்க்கில் பீபாப் இளைஞர்களுக்கு வழிகாட்டியாக இருந்தார்.

ஜோ டர்னர் (1911–1985), பீட் ஜான்சன் (1904–1967)

இருவரும் கேன்சஸ் நகரில் பிறந்தவர்கள். டர்னர் பாட, ஜான்சன் பியானோ வாசித்தார். 1938இல் நியூயார்க்கின் கார்னகி மண்டபத்தில் இவர்கள் நிகழ்த்திய கச்சேரி பூகி வூகி பாணி நாடெங்கும் பரவத் துணைபுரிந்தது. 1954இல் டர்னர் பதிவு செய்த பாடல் ராக் அண்ட் ரோல் இசையின் தொடக்கப் பாடல்களுள் ஒன்றாகும்.

சார்லி பார்க்கர் (1920–1955)

மாநில எல்லைக்கு அப்பாலுள்ள, கேன்சஸ் மாநிலத்தைச் சேர்ந்த கேன்சஸ் நகரில் பிறந்தவர். பதினாறாம் வயதில் ஒரு ஜாம் அமர்வில் தடுமாறியபோது ஜோ ஜோன்ஸ் ஒரு கைத்தட்டத்தை அவர் காலடியில் எறிந்து அவமதித்தார் என்று கூறப்படுகிறது. 1937 கோடையில் மலைப்பகுதி விடுதியொன்றில் பணியாற்றிய பார்க்கர், லெஸ்டர் யங்கின் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கடுமையாகப் பயிற்சி செய்தார். ஜே மெக்‌ஷான் (1916–2006) குழுவில் சேர்ந்து 1941இல் அவர் செய்த பதிவுகள் பிற கலைஞர்களின் கவனத்தை ஈர்த்தன. பின்னர் நியூயார்க்கில் டிஸ்ஸி கில்லெஸ்பியுடன் இணைந்து பீபாப் பாணியை உருவாக்கினார். போதைப்பழக்கத்தாலும் நோயாலும் தமது 34ஆம் வயதில் மறைந்த அவரது உடல் கேன்சஸ் நகருக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டது.

வீழ்ச்சி

1939இல் பெண்டர்காஸ்ட் வருமான வரி ஏய்ப்புக்காகச் சிறை சென்றார். அடுத்து வந்த சீர்திருத்த நிர்வாகம் இரவு விடுதிகளைக் கட்டுப்படுத்தியது. வேலைவாய்ப்புக் குறைந்ததால் கலைஞர்கள் வெளியேறினர். இரண்டாம் உலகப் போரின்போது பலர் படைக்கு அழைக்கப்பட்டனர். மெக்‌ஷானும் அவர்களுள் ஒருவர். பிற்காலத்தில் வைன் தெருப் பகுதியின் பழைய கட்டடங்கள் பலவும் அழிந்தன.

மரபும் பாதுகாப்பும்

1970இல் கறுப்பினத்தவர் சங்கம் வெள்ளையர் சங்கத்துடன் இணைக்கப்பட்டது. பழைய சங்கக் கட்டடம் மியூச்சுவல் மியூசிசியன்ஸ் பவுண்டேஷன் என்ற பெயரில் இயங்குகிறது. இது 1981இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. வார இறுதி நள்ளிரவுகளில் ஜாம் அமர்வுகள் நடைபெறும் மரபு இங்குத் தொடர்ந்து காக்கப்பட்டு வந்துள்ளது.

1997இல் பதினெட்டாம் தெருவில் அமெரிக்க ஜாஸ் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அதன் அருகே பார்க்கரின் தலையுருவம் கொண்ட வெண்கலச் சிலை 1999இல் நிறுவப்பட்டது. 2017இல் யுனெஸ்கோ இந்நகரை இசைக்கான படைப்பாக்க நகரங்களின் பட்டியலில் சேர்த்தது. இசைப்பிரிவில் இச்சிறப்பைப் பெற்ற முதல் அமெரிக்க நகரம் இதுவே ஆகும்.