லஸ் கார்னர்ல இருக்கிற 'லஸ்' எங்கேந்து வந்தது?

சென்னையில இருக்கவங்களுக்கு ஒரு கேள்வி. 'லஸ் கார்னர்'னு வாழ்க்கையில எத்தனை தடவை சொல்லியிருப்பீங்க? பஸ் கண்டக்டர்கிட்ட, ஆட்டோக்காரர்கிட்ட, இப்போ மெட்ரோ வேலைக்காக எந்த ரோடை மூடியிருக்காங்கன்னு கேக்கறப்போ. அந்த 'லஸ்' தமிழும் இல்ல, இங்கிலீஷும் இல்ல. போர்ச்சுகீசிய மொழியில அதுக்கு 'ஒளி'ன்னு அர்த்தம். அந்தப் பேரைக் கொடுத்த சர்ச் அங்கேந்து நடக்கிற தூரத்துலதான் இருக்கு: பிரகாச மாதா ஆலயம். பழைய மயிலாப்பூர்க்காரங்க இன்னும் 'காட்டுக் கோயில்'னுதான் சொல்லுவாங்க.

சாந்தோம் பேராலயம் மாதிரி டூரிஸ்ட் பஸ் வந்து நிக்கிற இடம் இல்ல இது. சின்ன சர்ச். ரோட்டுல ஹாரன் அலறிட்டு இருக்கும், உள்ள போனா ஃபேன் சத்தம்தான். பீடத்துல தங்க வேலைப்பாடு, மேல நீலம் பூசின விதானம், ரெண்டு மூணு பேர் கண்ணை மூடி உக்காந்திருப்பாங்க. இங்க இருக்கிற கல்லுல ஒரு வருஷம் பொறிச்சிருக்கு: 1516. இன்னைக்கு எபிசோட் முழுக்க அந்த நாலு இலக்கத்தைப் பத்திதான்.

முதல்ல, கதை. போர்ச்சுகீசியத் துறவிகள் சிலர் கடல்ல திசை தெரியாமத் தவிக்கிறாங்க. மாதாகிட்ட வேண்டிக்கிறாங்க. கரையில ஒரு ஒளி தெரியுது. அதைப் பிடிச்சுட்டு வந்து கரையேறி, இன்னும் உள்ள நடக்கிறாங்க. ஒளி ஒரு இடத்துல மறையுது. அங்கேயே ஒரு கோயில் கட்டறாங்க. கட்டினவர்னு சொல்லப்படறவர் பெத்ரோ த அத்தோகியாங்கிற பிரான்சிஸ்கன் துறவி. கடற்கரையிலேந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல உள்ள தள்ளி ஒரு மாதா கோயில் ஏன் இருக்குங்கிற கேள்விக்கும் இந்தக் கதையிலேயே பதில் இருக்கு.

சரி, இப்போ டைம்லைனைப் பாப்போம். வாஸ்கோ ட காமா கோழிக்கோடு வந்தது 1498. போர்ச்சுகீசியர் மலாக்காவைப் பிடிச்சது 1511. அதுக்கப்புறம்தான் வங்காள விரிகுடா பக்கம் அவங்க நடமாட்டம் அதிகமாகுது. மயிலாப்பூருக்கு அவங்க வந்ததா தெளிவா பதிவான முதல் பயணம் 1517. தியோகோ பெர்னாந்தஸ்ங்கிறவர் மலாக்காவிலேந்து வர்ற வழியில பழவேற்காட்டுல இறங்கி, ஆர்மீனிய வணிகர்கள் கூட்டிட்டுப் போக, புனித தோமையார் கல்லறையைப் பாத்ததா 1533-ல நடந்த ஒரு விசாரணையில சாட்சி சொல்லியிருக்கார். போர்ச்சுகீசியர் அங்க குடியேற ஆரம்பிச்சது 1520-கள்ல.

அதாவது, முதல் வருகைக்கு ஒரு வருஷம் முன்னாடியே சர்ச் கட்டியாச்சுன்னு கல்லு சொல்லுது! அதனாலதான் வரலாற்று ஆய்வாளர்கள் பலர் இந்த 1516-ஐ அப்படியே ஏத்துக்கறதில்ல.

நம்ம ஐடி ஆட்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். கிட்ல ஒவ்வொரு கமிட்டுக்கும் ரெண்டு தேதி உண்டு. ஒண்ணு, மாற்றத்தை எழுதின தேதி. இன்னொண்ணு, அது ரெப்போவுக்குள்ள பதிவான தேதி. முதல் தேதியா நீங்க என்ன வேணும்னாலும் போடலாம், கிட் கேள்வி கேக்காது. கல்வெட்டும் அப்படித்தான். '1516-ல கட்டினது'ன்னு எழுதியிருக்கலாம். அதை எந்த வருஷம் செதுக்கினாங்கன்னு கல்லு தானா சொல்லாது. நூறு வருஷம் கழிச்சு, கேள்விப்பட்டதை வெச்சு ஒருத்தர் பொறிச்சிருந்தாலும் பாக்க இதே மாதிரிதான் இருக்கும்.

உடனே 'அப்போ கல்லு பொய்'னு முடிவு கட்டிடாதீங்க. பதிவு இல்லைன்னா யாருமே வரலைன்னு ஆகாது. கோவாவுல இருந்த போர்ச்சுகீசிய நிர்வாகத்தோட பிடி சோழமண்டலக் கரையில ரொம்பத் தளர்வு. தனி வணிகர்களும் துறவிகளும் யார் அனுமதியும் இல்லாம இந்தப் பக்கம் சுத்தினாங்க. ஒரு துறவி முன்னாடியே வந்து சின்னதா ஒரு குடில் போட்டிருக்க வாய்ப்பு இருக்கு. அதை உறுதியா சொல்ற ஆதாரம்தான் கையில இல்ல.

அடுத்தது பேரு. லிஸ்பன்ல கார்னிதேன்னு ஒரு பகுதி. அங்கயும் ஒரு ஒளி மாதா கோயில் உண்டு. அதுக்கும் 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு ஒளிக் கதை உண்டு: வட ஆப்பிரிக்காவுல சிறைப்பட்ட ஒருத்தர், கனவுல மாதா, ஊருல ஒரு ஊத்துக்குப் பக்கத்துல தெரிஞ்ச ஒளி. ஃபுட்பால் பாக்கறவங்களுக்கு ஒரு போனஸ்: பென்ஃபிகா டீமோட மைதானத்தை 'எஸ்தாதியோ த லுஸ்'னு சொல்றாங்களே, அந்தப் பேரும் கார்னிதே கோயில்லேந்து வந்ததுதான். நம்ம லஸ் கார்னரும் அந்த ஸ்டேடியமும் ஒரே பேரு!

இதுலேந்து என்னோட ஊகம் இது: கடலோடிகள் ஊர்லேந்தே இந்தப் பேரைக் கொண்டு வந்திருப்பாங்க. 'ஏன் ஒளி மாதா?'ன்னு இங்க இருந்தவங்க கேட்டப்போ, இந்தக் கடற்கரைக்குப் பொருந்தற மாதிரி ஒரு கதை வளந்திருக்கலாம். நிரூபிக்க முடியாது. ஆனா ஊகம் எது, ஆதாரம் எதுன்னு பிரிச்சு வெச்சுக்கணும்.

'காட்டுக் கோயில்'ங்கிற பேரைக் கேட்டுட்டு, போர்ச்சுகீசியர் வர்றதுக்கு முன்னாடி இங்க வெறும் காடுன்னும் நினைக்காதீங்க. 7-ஆம் நூற்றாண்டுலயே சம்பந்தர் மயிலையோட திருவிழாக்களைப் பாடியிருக்கார். பழைய கபாலீஸ்வரர் கோயில் கடற்கரையில இருந்தது, போர்ச்சுகீசியர் காலத்துல அழிஞ்சதுன்னு பரவலா சொல்றாங்க. சாந்தோம்ல கோயில் கல்வெட்டுத் துண்டுகளும் கிடைச்சிருக்கு. ஒரே ஊர், ஒரே நூற்றாண்டு. ஒருத்தருக்கு வழி காட்டின ஒளி, இன்னொருத்தருக்கு இழப்பு. ரெண்டையும் சேத்து சொன்னாத்தான் மயிலாப்பூர் வரலாறு முழுசாகும்.

அந்த நேரத்துல இங்க நிஜமாவே ஒரு விளக்கு எரிஞ்சதுக்குப் பதிவு இருக்கு. 1516 வாக்குல துவார்த்தே பார்போசாங்கிற போர்ச்சுகீசியர் எழுதின புத்தகத்துல, மயிலாப்பூர் கிட்டத்தட்ட ஆளே இல்லாத ஊராக் கிடக்குன்னு வருது. தோமையார் கல்லறைக் கோயிலைப் பாத்துக்கறவர் ஒரு ஏழை முஸ்லிம். பிச்சை எடுத்து அங்க விளக்கை அணையாம வெச்சிருக்கார். கிறிஸ்தவப் புனிதருக்கு ஒரு முஸ்லிம் ஏத்தின விளக்கு. 'இது யாரோட இடம்'னு சண்டை போடற நமக்கு, 'இதுதான் முதல் சர்ச்'சுங்கிற பட்டத்தை விட இந்த ஒரு தகவல் ரொம்ப முக்கியம்னு நினைக்கிறேன்.

அப்புறம் வந்த வருஷங்கள்ல கோல்கொண்டா, பிரெஞ்சு, இங்கிலீஷ்னு சாந்தோம் கை மாறிட்டே இருந்துச்சு. 1780-ல ஹைதர் அலியோட குதிரைப்படை சென்னையைச் சுத்தி வந்தது. அடிபட்டு, பழுது பாத்து, இந்தச் சின்ன சர்ச் நின்னுட்டு இருக்கு. அது 1516-ஆ, இன்னும் சில வருஷம் கழிச்சாங்கிறதால அதோட மதிப்பு குறையாது.

அடுத்த தடவை வாட்ஸப்ல 'உலகத்திலேயே பழமையான'ன்னு எதுவும் வந்தா, ரெண்டு கேள்வி கேளுங்க. இந்த வருஷத்தை யார் எழுதினாங்க? எப்போ எழுதினாங்க? லஸ் பக்கம் போனா சர்ச்சுக்குள்ளயும் ஒரு பத்து நிமிஷம் போயிட்டு வாங்க. திருப்பலி நடந்தா பின் பெஞ்சுல உக்காருங்க, போட்டோ எடுக்க முன்னாடி கேட்டுக்கோங்க. போயிட்டு வந்து எனக்கும் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பாப்போம்.