மறுவாழ்வுக் கருவிகளும் கூட்டுழைப்பும்: வேலூர், கரிகிரி வரலாறு காட்டும் நெறி

நம் நாட்டு மருத்துவ ஊழியத்தின் வரலாற்றை நாம் பெரும்பாலும் தனி மனிதர்களின் வரலாறாகவே எழுதி வந்திருக்கிறோம். தொழுநோயாளரின் மறுவாழ்வு என்றவுடன் டாக்டர் பால் பிராண்ட் என்னும் ஒரு பெயரோடு நின்றுவிடுகிறோம். அவர் பெருமை சிறிதன்று. ஆயினும் நிகழ்ச்சிகளை உற்று நோக்குங்கால், அப்பணி பலர் கூடி உழைத்ததன் கனி என்பது புலனாகும்.

பெரம்பலூர் மாவட்டத்து எறையூருக்கு மேற்கே பச்சைமலையும், அதற்கப்பால் கொல்லிமலையும் உள்ளன. அக்கொல்லிமலையில் 1914-ஆம் ஆண்டு மிஷனெரிப் பெற்றோருக்கு மகனாகப் பிறந்தவர் பிராண்ட். மருத்துவம் கற்குமுன் இங்கிலாந்தில் கட்டடத் தொழில் பயின்றவர். 1946-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அவரை, டாக்டர் ராபர்ட் காக்ரேன் செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அங்குக் கண்ட மடங்கிய விரல்களே அவரைத் தசைநாண் மாற்று அறுவைச் சிகிச்சைக்குத் தூண்டின.

கை நிமிர்ந்தது, ஆனால் கால் புண் ஆறவில்லை. தொழுநோயாளரின் சதை தானே அழுகிவிடும் என்று அக்காலத்தோர் கருதினர். வேலூர்க் குழுவினரோ, உணர்விழந்த பாதத்தில் ஒரே இடம் மீண்டும் மீண்டும் அழுத்தப்படுவதே புண்ணுக்குக் காரணம் என்று கண்டனர். எனவே மருந்தைப் போலவே பாதரட்சையும் சிகிச்சையாயிற்று. 1955-இல் தொடங்கிய கரிகிரி ஷெஃப்லின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் இம்முயற்சிக்குக் களமாயிற்று. நுண்ணறை ரப்பர் உள்தளமாக அமைந்து, உடலின் பாரத்தைப் பாதம் முழுவதும் பரப்பியது. அடியில் வைத்த கடினத் தளம் முள்ளையும் கல்லையும் தடுத்தது. உணர்வற்ற காலைக் குத்தும் என்பதால் ஆணிகள் விலக்கப்பட்டன. அறுவை மருத்துவர், ரப்பர்த் தொழில் அறிந்தோர், செருப்புத் தைப்போர் ஆகிய அனைவரும் இதில் பங்குற்றனர். நோயாளியும் பங்காளியே. அணிபவரைத் தொழுநோயாளரெனக் காட்டிக்கொடுக்கும் செருப்பை அவர்கள் அணிய மறுத்தனர். ஆகையால், வெளித்தோற்றத்தில் பிறர் அணியும் செருப்பை ஒத்திருத்தலும் மருத்துவத் தேவையே என்பதைச் செய்வோர் கற்றுக்கொண்டனர்.

டாக்டர் மேரி வர்கீஸின் வாழ்வு இவ்வுண்மையை மேலும் தெளிவாக்குகிறது. 1954-இல் நேர்ந்த வாகன விபத்தில் கால்கள் செயலிழந்த அவர், சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, அத்துறையை வேலூரில் தலைமையேற்று நடத்தினார். 1966-இல் அங்கு மறுவாழ்வு நிலையம் எழுந்தது. கருவி தேவைப்பட்டவரே அத்துறைக்கு வழிகாட்டியானார்.

இதற்கு மாறான பாடமும் உண்டு. 1966-இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்ற பிராண்ட், பொறியாளருடன் கூடி, வலிக்குப் பதிலாக ஒலியெழுப்பி எச்சரிக்கும் அழுத்தமானிகளைக் கையுறையிலும் காலுறையிலும் அமைக்க முயன்றார். கருவி எச்சரித்தது. அணிந்தவர்களோ அவ்வொலியைப் பொருட்படுத்தாது வேலையைத் தொடர்ந்தனர். முயற்சி கைவிடப்பட்டது. வலி தன்னுடையது, எச்சரிக்கை ஒலியோ அயலாருடையது. இவ்வேறுபாட்டை எந்த நுட்பத்தாலும் கடக்க இயலவில்லை.

இன்று சென்னை ஐ.ஐ.டி.யின் மறுவாழ்வுக் கருவி ஆய்வு மையம் இவ்வழியில் நடைபோடுகிறது. நின்று செயலாற்ற உதவும் ‘அரைஸ்’ சக்கர நாற்காலி 2019-இலும், ‘கதம்’ என்னும் செயற்கை முழங்கால் 2022-இலும் வெளிவந்தன. தொழிற்சாலைகளும் தொண்டு நிறுவனங்களும் இவற்றில் பங்கேற்றன. கை இயக்கப் பயிற்சிக்கான ‘புளூட்டோ’ கருவியோ வேலூர் மருத்துவக் கல்லூரியின் துணையுடன் உருவாயிற்று.

இவ்வரலாறு நம்மிடம் வினவுவது யாது? எறையூரைப் போன்ற நம் சிற்றூர்ச் சபைகளில், ஊனமுற்றோருக்கு ஊன்றுகோலோ மூன்று சக்கர வண்டியோ வழங்கிப் படம் எடுத்துக்கொள்வது எளிது. அது அவருடைய வீட்டு வாசற்படியில் ஏறுமா, கரும்பு வயல் வரப்பில் செல்லுமா என்று அவரையே கேட்பதுதான் அரிது. நன்கொடையாளர் பெயரை நினைவுகூரும் நாம், செருப்பை மறுத்த நோயாளியின் சொல்லையும் ஊழிய வரலாற்றின் ஏட்டில் எழுதிவைக்கக் கடமைப்பட்டுள்ளோம். அச்சொல் இன்றேல், அந்தப் பாதரட்சை எவர் காலிலும் ஏறியிராது.