‘சில்வர் ஸ்டீல்’ பொறிப்பும் ஷெஃபீல்டு சவரக்கத்திகளின் காலமும்

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் 19ஆம் நூற்றாண்டில் செய்த சவரக்கத்திகள் சிலவற்றில் ‘சில்வர் ஸ்டீல்’ என்ற பொறிப்பு உண்டு. அது இருந்தால் அலகில் வெள்ளி கலந்திருக்கிறது, கத்தியும் 1822க்குப் பிற்பட்டது என்று கொள்வது எளிது. இந்தக் கணிப்புக்கு அடிப்படை, லண்டன் கத்தி வினைஞர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டும் அறிவியலாளர் மைக்கேல் பாரடேயும் அவ்வாண்டு வெளியிட்ட எஃகுக் கலவைகள் பற்றிய கட்டுரை.

ஸ்டோடார்ட் அதற்கு முன்பே, தென்னிந்தியாவில் மூசையிலிட்டு உருக்கிய ஊட்ஸ் எஃகில் சவரக்கத்திகள் செய்தவர். ஐரோப்பாவின் சிறந்த எஃகைவிட அதுவே மேல் என்று தம் கடை விளம்பர அட்டையிலேயே அச்சிட்டார். பின்னர் பாரடேயுடன் சேர்ந்து எஃகில் வெள்ளி, பிளாட்டினம், ரோடியம் முதலியவற்றைக் கலந்து பார்த்தார். வெள்ளி கூடினால் அது எஃகோடு சேராமல் பிரிந்து நின்றது. ஐந்நூறில் ஒரு பங்காகக் குறைத்தபோது கிடைத்த எஃகு மிகச் சிறந்தது என்றும், அச்சிறப்பு வெள்ளியால் வந்தது என்றும் இருவரும் முடிவு கட்டினர்.

எஃகு சிறந்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை. காரணம் வெள்ளி என்பதுதான் ஏற்கத்தக்கதன்று. உருகிய நிலையிலும் இரும்பும் வெள்ளியும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. அவர்கள் கண்ட பிரிவே அதற்குச் சான்று. நல்ல எஃகைச் சிறு மூசையில் மறுபடி உருக்கினாலே கசடு நீங்கும், கரி சீராகப் பரவும். அதன்மேல் ஸ்டோடார்ட்டின் கைத்திறன் வேறு. இந்த மூன்றையும் விலக்கிவிட்டு வெள்ளிக்கு மட்டும் புகழ் சேர்ப்பது பொருந்தாது. பிரிட்டனில் இன்று அதே பெயரில் விற்கும் எஃகிலும் வெள்ளி இல்லை.

ஆகவே பொறிப்பு வணிகப் பெயரே. காலம் கணிக்க அதனுடன் நிற்கும் பிற அடையாளங்களைப் பார்க்க வேண்டும். முடியோடு ‘டபிள்யூ ஆர்’ (வில்லியம் ரெக்ஸ், அதாவது அரசர் வில்லியம்) எழுத்துகள் இருந்தால் நான்காம் வில்லியம் ஆண்ட 1830–1837 காலம் நினைவுக்கு வரும். ஆயினும் அரசர் மறைந்த அன்றே பட்டறையில் முத்திரை அச்சை எறிந்திருப்பார்கள் என்று கொள்ள முடியாது. எனவே 1830 என்ற தொடக்கம் உறுதியானது, 1837 என்ற முடிவு உறுதியற்றது. ‘இங்கிலாந்து’ என்ற சொல் இருந்தால், இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரைக் கோரிய 1890இன் மெக்கின்லி சுங்கச் சட்டப்படி அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டதாகலாம். அச்சொல் இல்லாதது பழமைக்குச் சான்றாகாது.

பழுதுபார்ப்பில்தான் இச்சான்றுகள் பெரிதும் அழிகின்றன. அலகையும் பிடியையும் இணைக்கும் காம்பிலுள்ள முத்திரை ஆழமாக அடித்துப் பதித்தது. அலகின் முகத்தில் அமிலத்தால் அரித்த எழுத்தோ மிக மெல்லியது, உப்புத்தாளின் சில தேய்ப்பிலேயே மறைந்துவிடும். விசைச் சக்கரத்தில் மெருகேற்றினால் மெல்லிய வாய் சூடேறும். அது சுமார் 220 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பதம் இறங்கத் தொடங்கும்; பிறகு எந்தக் கல்லில் தீட்டினாலும் கூர் நிலைக்காது. துருவை எண்ணெயிட்டுக் கையால் தேய்த்து நீக்கலாம். தீட்டும்போது முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படிய வேண்டும், ஏனெனில் வாயின் கோணத்தை நிர்ணயிப்பது முதுகுதான். சமமான தீட்டுக்கல்லில் வாய் முன்செல்லத் தள்ளி, இறுதியில் தோல்வாரில் முதுகு முன்செல்ல இழுப்பதே முறை. பழங்கத்தியின் முதுகில் காணும் தட்டையான தேய்மானம் முந்தைய தீட்டல்களின் தடம். அழகுக்காக அதை உருட்டிவிட்டால் கோணமும் மாறிவிடும்.

பொறிப்பைப் படமெடுத்துப் பதிவுசெய்யும் முன் இத்தகைய கத்தியின் அலகில் உப்புத்தாளை வைக்கக் கூடாது.