பாத்ரூம்ல கேஸ் கீசர் மாட்டப் போறீங்களா? முதல்ல புகை எந்தப் பக்கம் போகும்னு பாருங்க!

மார்கழி பிறந்துட்டா புழல் ஏரிக் காத்து விடியற்காலையில் லேசா சிலிர்க்க வைக்கும். 20 டிகிரிக்கு இறங்கினாலே சென்னைக்காரங்களுக்கு அது ஊட்டிதான். வீட்டில் சின்னக் குழந்தையோ, முட்டி வலியோட பெரியவங்களோ இருந்தா வெந்நீர் இல்லாம முடியாது. 15 லிட்டர் கரன்ட் கீசர் ரெண்டு பேர் குளிக்கிறதுக்குள்ள ஆறிடுது. அதனால பலரும் கேஸ் கீசர் பக்கம் போறாங்க. நிமிஷத்துக்கு 6 லிட்டர், மூணு நிமிஷத்தில் ஒரு பக்கெட், கரன்ட் போனாலும் கவலை இல்லை. வசதியான பொருள்தான், மறுக்கல.

ஆனா இதை மாட்டும்போது எல்லாரும் பயப்படுறது சிலிண்டருக்கு. டியூப்ல கசியுமா, வெடிச்சிடுமான்னு பத்து தடவை கேட்கிறாங்க. நல்லதுதான், கேளுங்க. ஆனா எரிஞ்சு முடிச்ச காற்று எந்த வழியா வெளியே போகும்னு யாரும் கேட்கிறதில்லை. கேஸ் கீசர் உயிரைப் பறிச்சதா வர்ற செய்திகளைக் கவனிச்சுப் பாருங்க. திரும்பத் திரும்ப ஒரே காட்சிதான். உள்பக்கம் தாழ்ப்பாள் போட்ட பாத்ரூம், தண்ணி ஓடுற சத்தம், கதவைத் தட்டினா பதில் இல்லை. அங்கே எதுவும் வெடிச்சிருக்காது. கேஸ் வாசனைகூட வந்திருக்காது.

ஒரு சின்னக் கணக்கு

நம்ம ஏரியா வீடுகளில் பாத்ரூம்னா பெரும்பாலும் 4 அடிக்கு 6 அடி, உயரம் 8 அடி. மொத்தம் 192 கன அடி, அதாவது 5.4 கன மீட்டர் காற்று. 6 லிட்டர் கீசர் முழு வேகத்தில் எரிஞ்சா ஒரு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட 1 கிலோ எல்.பி.ஜி. குடிக்கும். ஒரு கிலோ எல்.பி.ஜி. முழுசா எரிய சுமார் 12 கன மீட்டர் காற்று வேணும். அப்படின்னா கால் மணி நேரக் குளியலுக்கே 3 கன மீட்டர். உங்க பாத்ரூம்ல இருக்கிற காற்றில் பாதிக்கு மேல கீசரே எடுத்துக்குது. அடுத்த ஆள் உடனே உள்ளே போனா மீதிக் காற்றும் காலி.

காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். அதில் சில புள்ளிகள் குறைஞ்சாலே தீ ஒழுங்கா எரியாது. ஒழுங்கா எரிஞ்சா கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் வரும். அரைகுறையா எரிஞ்சா கார்பன் மோனாக்சைடு வரும். இதுக்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது, கண்ணும் எரியாது. சிலிண்டர் கேஸ்ல வர்ற அந்த அழுகின நாற்றம், கசிவு தெரியணும்னு தனியா கலக்கிறது. எரியும்போது அதுவும் சேர்ந்து எரிஞ்சு போயிடும். அதனால 'நாத்தமே வரலையே'ன்னு நிம்மதி அடையுறதில் அர்த்தம் இல்லை.

ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபின், கார்பன் மோனாக்சைடோட ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டிக்கும். முதல்ல தலை கனக்கும், அப்புறம் தலைசுத்தல், குமட்டல். கால்ல பலம் போயிடும். தாழ்ப்பாள் கைக்கு எட்டுற தூரத்தில்தான் இருக்கும், ஆனா கை போகாது. சிலருக்கு வலிப்பு வரும். பாத்ரூம்ல வலிப்பு வந்து விழுந்தவங்களைக் காக்கா வலிப்புன்னு நினைச்சு மருந்து கொடுத்து, பின்னாடிதான் கேஸ் கீசர் காரணம்னு தெரிஞ்ச கதைகளை இந்திய நரம்பியல் டாக்டர்கள் மருத்துவ இதழ்களில் எழுதியிருக்காங்க. உங்க வீட்டில் யாருக்காவது குளிக்கும்போது மட்டும் தலைசுத்தல் வந்தா, பி.பி. பார்க்கிறதுக்கு முன்னாடி கீசரைப் பாருங்க.

எங்கே மாட்டணும்?

ஒரே வரியில் சொன்னா, பாத்ரூமுக்கு வெளியே. வாஷ் ஏரியா, திறந்த பால்கனி, பின்பக்கத் திறந்தவெளி, மொட்டை மாடி ஷெட்னு எங்கே வேணும்னாலும் மாட்டுங்க. மெஷின் வெளியே நிக்கட்டும், வெந்நீர்க் குழாய் மட்டும் சுவரைத் துளைச்சு உள்ளே வரட்டும். குழாய்க்கு ஆகுற கூடுதல் செலவைப் பார்த்து இதைத் தள்ளிப் போடாதீங்க. அந்தக் குழாய் சி.பி.வி.சி.யா இருக்கணும். சாதாரண வெள்ளை பி.வி.சி. வெந்நீரில் இளகிடும். வெளியே வைக்கிறதுன்னு முடிவானா மழைச் சாரலும் நேரடிக் காத்தும் படாத மாதிரி ஒரு மறைப்பு வேணும், ஆனா நாலு பக்கமும் மூடின பெட்டி ஆக்கிடாதீங்க. எண்ணூர், திருவொற்றியூர், ராயபுரம்னு கடலோரமா இருக்கிறவங்களுக்கு இன்னொரு தொல்லை, உப்புக் காத்து. பர்னர் ஓட்டையெல்லாம் துருப்பிடிச்சு அடைஞ்சுக்கும், தீ கோணலாயிடும். அங்கே சர்வீஸை ஒரு வருஷம்கூட தள்ளக் கூடாது.

தண்ணி அழுத்தத்தையும் பாருங்க. அழுத்தம் இல்லைன்னா கேஸ் கீசர் பத்தாது. கீசருக்கு மேல ஓவர்ஹெட் டேங்க் குறைஞ்சது 8 அடி உயரத்தில் இருக்கணும். மேல் மாடி வீட்டுக்காரங்க இதைப் பார்க்காம வாங்கிட்டு, 'மெஷின் சரியில்லை'ன்னு கடைக்காரரோட சண்டை போடுறதுண்டு. பாவம் அவர்.

வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 15558 என்ற எண்ணும் இருக்கான்னு பாருங்க. தண்ணி நின்னா தீ அணையுறது, தீ அணைஞ்சா கேஸ் நிக்கிறது, 20 நிமிஷத்தில் தானா ஆஃப் ஆகுறதுன்னு பல மாடல்களில் பாதுகாப்பு இருக்கு. ஆனா அந்த 20 நிமிஷக் கட்டுப்பாட்டை நம்பி உள்ளே மாட்டிடாதீங்க. மேல போட்ட கணக்கை இன்னொரு தடவை பாருங்க.

சந்தும் ஷாஃப்ட்டும்

புழல், மாதவரம் பக்கம் வீடுகள் தோளோடு தோள் உரசி நிக்கும். வெளியே மாட்டுங்கன்னு சொன்னா, 'எங்கே சார் வெளியே? ரெண்டடி சந்துதான் இருக்கு'ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. அபார்ட்மென்ட்ல இன்னும் மோசம். எல்லா பாத்ரூம் வென்டிலேட்டரும் ஒரே ஷாஃப்ட்டைப் பார்த்துத்தான் திறந்திருக்கும். உங்க கீசர் புகையை அதுக்குள்ள விட்டா, அது மாடி வீட்டு பாத்ரூமுக்குள்ள போகும். உங்களுக்குத் தலை வலிக்காது, மேல் வீட்டுப் பாட்டிக்கு வலிக்கும்.

இப்படிப்பட்ட இடத்துக்கு ஃபேனும் புகைக்குழாயும் வெச்ச கீசர் மாடல்கள் கிடைக்குது. விலை அதிகம். மெஷின் உள்ளேயிருக்கிற ஃபேன் புகையைத் தள்ளி குழாய் வழியா சுவருக்கு வெளியே அனுப்பும். குழாயின் வாய் ஜன்னலுக்குக் கீழேயோ, பக்கத்து வீட்டு வென்டிலேட்டருக்கு நேராவோ, ஷாஃப்ட்டுக்குள்ளயோ இருக்கக் கூடாது, வெட்டவெளியைப் பார்க்கணும். குழாய் வெளிப்பக்கமா லேசா சரிஞ்சு இருக்கட்டும். இல்லைன்னா ஐப்பசி மழை அப்படியே மெஷினுக்குள்ள வந்துடும். எலியும் பறவையும் கூடு கட்டாம இருக்க வாயில் கம்பி வலை போடுங்க, கொசு வலை போடாதீங்க. கொசு வலையில் தூசி படிஞ்சா புகைக்கு வழியே இல்லாம போயிடும். இந்தக் குழாய் வெளிப்புகையை மட்டும்தான் பார்த்துக்கும். எரியறதுக்கான காற்றை மெஷின் அறையிலிருந்துதான் எடுக்கும்னா, அறைக்குக் காற்று வர்ற வழியும் திறந்தே இருக்கணும்.

எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டா போதும்னு ஒரு நம்பிக்கை இருக்கு. காற்று உள்ளே வர வழி இல்லாம எக்ஸாஸ்ட் மட்டும் ஓடினா, அது கீசர் புகையையே திரும்ப அறைக்குள்ள இழுக்கலாம். கதவுக்குக் கீழே இடைவெளியும் மேலே வென்டிலேட்டரும் இல்லாம ஃபேனால பெருசா பிரயோஜனம் இல்லை.

இந்தப் புகைக்குழாய் விஷயத்தில் கனடாவில் இருக்கிற நம்ம ஆட்கள் கில்லாடிகள். ஸ்கார்பரோவில் சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனவங்க பார்த்திருப்பீங்க. வீட்டுப் பக்கச் சுவரில் ரெண்டு பிளாஸ்டிக் குழாய் எட்டிப் பார்க்கும். அடித்தளத்தில் இருக்கிற கேஸ் ஃபர்னஸ், வீடு முழுக்கச் சூடாக்குற மெஷின், அதோட மூக்கும் வாயும்தான் அது. ஒண்ணு காற்றை உள்ளே இழுக்கும், ஒண்ணு புகையை வெளியே தள்ளும். 90 சதவீதத்துக்கு மேல திறன் உள்ள ஃபர்னஸ் புகையிலிருக்கிற சூட்டையும் உறிஞ்சிடுறதால, புகை தானா மேலே ஏறாது, ஃபேன்தான் தள்ளணும். நீராவியும் குழாய்க்குள்ளயே தண்ணியாயிடும். அது கொஞ்சம் அமிலத் தண்ணி. அதனால அங்கே குழாய் மெஷின் பக்கமா சரியும், நம்ம கீசர் குழாய்க்கு நேரெதிர். பனி கொட்டின மறுநாள் குழாய் வாயைத் துடைச்சு விடுறது அங்கே ஒரு வேலை.

அதே ஒன்டாரியோ மாகாணத்தில் 2008 டிசம்பரில் உட்ஸ்டாக் நகரில், கேஸ் கணப்பின் புகை வழி அடைபட்டு ஒரே குடும்பத்தில் 4 பேர் இறந்தாங்க. அதுக்கு அப்புறம் 2013-ல் ஒரு சட்டம் வந்து, கேஸ் கருவி இருக்கிற வீடுகளில் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயமாச்சு. நம்ம ஊரில் கட்டாயம் இல்லை, ஆனா ஆன்லைனில் கிடைக்குது. ஐரோப்பியத் தரமான இ.என். 50291 உள்ளதா பாருங்க. காற்றில் பத்து லட்சத்தில் 300 பங்கு வந்தா 3 நிமிஷத்துக்குள்ள அது கத்தணும். பாத்ரூமுக்குள்ள மாட்டாதீங்க, நீராவியில் கெட்டுடும். கதவுக்கு வெளியே மாட்டுங்க.

குழாய் கேஸ் வந்தா?

எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் இந்தியன் ஆயிலின் எல்.என்.ஜி. முனையம் 2019-ல் வந்தாச்சு. சென்னை, திருவள்ளூர் மாவட்டங்களில் வீடுகளுக்குக் குழாய் எரிவாயு தர்ற உரிமம் டோரன்ட் கேஸ்கிட்ட இருக்கு. உங்க தெருவுக்கு லைன் வந்ததும் பழைய கீசரை அப்படியே அதில் இணைச்சிடாதீங்க. ரெண்டு கேஸுக்கும் அழுத்தம் வேறே, ஜெட் அளவு வேறே. கம்பெனி ஆள் மாத்தித் தரணும், இல்லைன்னா அந்த கேஸுக்குன்னே செஞ்ச கீசர் வாங்கணும். இன்னொரு வித்தியாசம், எல்.பி.ஜி. காற்றைவிடக் கனம், கசிஞ்சா தரையில் தேங்கும். குழாய் கேஸ் லேசானது, கூரைக்குப் போகும். அதனால சிலிண்டர் வைக்கிற இடத்தில் கீழே காற்றோட்டம், குழாய் கேஸுக்கு மேலே காற்றோட்டம். அடுப்பு சிலிண்டரிலிருந்தே டியூபைப் பிரிச்சு கீசருக்குக் கொடுக்கிற வேலையை ஏஜென்சியைக் கேட்காம செய்யாதீங்க. கசிவு சந்தேகம்னா தீக்குச்சி வேண்டாம், சோப்புத் தண்ணி போதும். அவசரத்துக்கு 1906.

வாடகை வீடா?

'ஓனர் ஏற்கெனவே பாத்ரூமுக்குள்ளதான் மாட்டி வெச்சிருக்கார், நான் என்ன செய்ய?' இதுதான் பலரோட நிலைமை. நான் ஒரு காலத்தில் குடியிருந்த வீட்டில், கொசு வருதுன்னு வென்டிலேட்டரை பிளாஸ்டிக் ஷீட்டால அடைச்சு ஆணி அடிச்சிருந்தாங்க. கீசர் அதுக்கு நேர் கீழே! ஷீட்டைக் கழட்டினதுக்கு ஓனர் அம்மா ஒரு வாரம் பேசலை.

மாத்தற வரைக்கும் ஒரு வழி இருக்கு. கதவைத் திறந்து வெச்சு பக்கெட்ல வெந்நீர் பிடிங்க. கீசரை அணைச்சு, கேஸ் வால்வையும் மூடுங்க. ரெண்டு நிமிஷம் விட்டு, அப்புறமா உள்ளே போய்க் குளிங்க. ஷவரை ஓட விட்டு கீசர் எரிய எரியக் குளிக்கிற பழக்கம் கூடாது. குழந்தையைக் குளிப்பாட்டும்போது இது ரொம்பவே முக்கியம். சின்ன உடம்பு வேகமா மூச்சு விடும், பெரியவங்களுக்கு முன்னாடி அதுக்குத்தான் பாதிப்பு வரும். வீட்டில் யார் குளிக்கப் போனாலும் ஒரு குரல் கொடுத்துட்டுப் போகட்டும். தனியா இருக்கும்போது தாழ்ப்பாள் வேண்டாம்.

யாராவது உள்ளே மயங்கிட்டா, மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கதவைத் திறங்க, அவங்களைத் திறந்த வெளிக்கு இழுத்துட்டு வாங்க, கீசரை அணைங்க, 108-க்குக் கூப்பிடுங்க. கொரோனா காலத்தில் வாங்கின விரல் ஆக்ஸிமீட்டரை மாட்டி '98 காட்டுது, ஒண்ணும் இல்லை'ன்னு உட்கார்ந்திடாதீங்க. அந்த மெஷினுக்கு ஆக்சிஜனுக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் வித்தியாசம் தெரியாது, ரெண்டையும் ஒண்ணாத்தான் காட்டும். ஆஸ்பத்திரியில் போனதும் 'கேஸ் கீசர் ஓடிட்டிருந்தது'ன்னு முதல் வார்த்தையா சொல்லுங்க. கார்பாக்சி ஹீமோகுளோபின் டெஸ்ட் எடுக்கச் சொல்லிக் கேளுங்க. சாதாரணக் காற்றில் இந்த விஷம் ரத்தத்தில் பாதியாகக் குறையவே 4, 5 மணி நேரம் ஆகும். மாஸ்க் வழியா முழு ஆக்சிஜன் கொடுத்தா ஒன்றரை மணி நேரத்துக்குள்ள பாதியாகிடும்.

கீசரோட சின்னக் கண்ணாடி வழியா தீயை அப்பப்போ பாருங்க. நீலமா, அசையாம எரிஞ்சா சரி. மஞ்சளா, ஆரஞ்சா நாக்கு நீட்டினாலோ, மேல்மூடியில் கரி படிஞ்சிருந்தாலோ அன்னைக்கே நிறுத்திட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்க. போர் தண்ணி பிடிக்கிற வீடுகளில் உள்ளே உப்புப் படிஞ்சு குழாய் அடையும், அதையும் சுத்தம் பண்ணச் சொல்லுங்க. வருஷா வருஷம் இதைத் தீபாவளிக்கு முன்னாடியே முடிச்சிடுங்க. மார்கழியில் கூப்பிட்டா மெக்கானிக் பொங்கல் கழிச்சுத்தான் வருவார்.