காரின் முன்பலகைக்குப் பின்னால்



ஈப்போ வட்டாரத்தில் கார் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் நுழைந்து பார்த்தால், ஒருவர் இருக்கையில் மல்லாந்து, தலையை ஸ்டீயரிங்கிற்குக் கீழே நுழைத்து, சிறு விளக்கின் வெளிச்சத்தில் எதையோ கழற்றிக்கொண்டிருப்பதைக் காணலாம். எஞ்சின் முன்னால் இருக்க, இவர் ஏன் இங்கே தேடுகிறார்? முன்பலகைக்குப் பின்னால் மின்னணுப் பெட்டிகள் எப்போது வந்து குடியேறின? அவற்றுக்கும் நம் தோட்டத்து மக்களின் வாழ்வுக்கும் என்ன தொடர்பு? இன்று நாம் காணப்போகும் வரலாறு இதுதான்.

காருக்கும் பேரா மாநிலத்துக்கும் உள்ள உறவு பழையது. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்ஹாம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து ரப்பர் விதைகளை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். மறு ஆண்டே 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. கோலகங்சாரில் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ, தம் மாளிகைத் தோட்டத்தில் ரப்பர் கன்றுகளை நட்டார். ஆனால் பல ஆண்டுகள் அந்த மரத்தை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. 1886இல் ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் மோட்டார் வண்டிக்கு உரிமம் பெற்றார். 1888இல் டன்லப் காற்றடைத்த டயருக்கு உரிமம் பெற்றார். 1908இல் அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டு மாடல் டி காரை வெளியிட்டார். அதன்பின் ரப்பருக்கு வந்த கிராக்கியைச் சொல்லவும் வேண்டுமா?

சக்கரத்துக்கு ரப்பர் தேவைப்பட்டது. ரப்பருக்கு ஆள் தேவைப்பட்டது. கங்காணிகள் அழைத்துவந்த நம் முன்னோர், விடியுமுன் பிரட்டுக்கு நின்று, நிரை நிரையாக மரம் வெட்டி, மங்கில் பால் எடுத்தார்கள். உலகத்துக் கார்கள் அவர்கள் உழைப்பின்மேல் உருண்டன. அவர்களுக்கோ, கார் என்பது துரை ஏறிப்போகும் வண்டியாகவே இருந்தது.

அந்தக் காலத்துக் காரில் மின்சாரத்துக்கு அதிக வேலையில்லை. முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றித்தான் எஞ்சினை முடுக்க வேண்டும். 1912இல் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் அமைத்த மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. பேட்டரியும் வயர்களும் காருக்குள் பெருகின. 1930இல் சிக்காகோ நகரத்துக் கால்வின் சகோதரர்கள் மோட்டரோலா என்னும் கார் வானொலியை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். வால்வுகள் பொருத்திய கனத்த பெட்டி அது. முன்பலகைக்குக் கீழே நுழைந்து மின்னணுப் பெட்டியைக் கழற்றும் தொழில், அந்த வானொலிக் காலத்தில் பிறந்தது எனலாம்.

1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டது. 1955இல் முழுவதும் டிரான்சிஸ்டரால் ஆன கார் வானொலி வந்தது. 1967இல் பாஷ் நிறுவனம், எஞ்சினுக்குள் எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்று கணக்கிடும் மின்னணுப் பெட்டியைப் ஃபோக்ஸ்வாகன் காருக்கு அமைத்துக் கொடுத்தது. அமெரிக்காவில் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கடுமையானதே இதற்குக் காரணம். பாட்டுக்காக நுழைந்த மின்னணுவியல், இப்படியாக எஞ்சினையே ஆளத் தொடங்கியது.

இதே காலத்தில் நம் தோட்டங்களில் என்ன நடந்தது? 1950களிலும் 60களிலும் வெள்ளைக்கார நிறுவனங்கள் பல தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டார்கள். வேலையும் போய், லயத்து வீடும் போய், குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழிலாளர் பணத்தைக் கொண்டே தோட்டங்களை வாங்க வழி செய்தார். இருந்தும் எல்லாத் தோட்டங்களையும் காப்பாற்ற முடியவில்லை. பின்னாளில் ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. நகரத்தை ஒட்டிய இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. 1985இல் உலக ஈயச் சந்தை சரிந்தபோது கிந்தா பள்ளத்தாக்கின் சுரங்க வேலைகளும் அற்றுப்போயின. தோட்டத்து லோரியையும் டிராக்டரையும் பார்த்து வளர்ந்த இளைஞர்களுக்கு, பட்டறை ஒரு புகலிடமாயிற்று.

அதே 1985ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் புரோட்டோன் சாகா கார் வெளிவந்தது. அதில் இருந்தது கார்புரேட்டர். காதால் கேட்டு, கையால் திருகிச் சரிசெய்யலாம். பின்னர் வந்த கார்களில் கார்புரேட்டர் மறைந்து, கணினிப் பெட்டி அதன் இடத்தைப் பிடித்தது. 2003இல் பேரா மாநிலத்திலேயே, தஞ்சோங் மாலிமில், புரோட்டோன் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. ரப்பர் கொடுத்த மண் காரையே செய்யத் தொடங்கிய காலத்தில், காதும் கையும் மட்டும் போதும் என்ற நிலை மாறிவிட்டது.

இன்று முன்பலகைக்குப் பின்னால் வேகமானி, ஏர்பேக், ஏர்கான், திருட்டுத் தடுப்பு என ஒவ்வொன்றுக்கும் மின்னணுப் பெட்டி உண்டு. அவை ஏன் கெடுகின்றன? நம் நாட்டு வெயிலில் முன்பலகை கொதிக்கிறது, வண்டியோ குலுங்குகிறது. இதனால் ஈயப் பற்றுகளில் விரிசல் விழுகிறது. ஏர்கான் தண்ணீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே கசிகிறது. எலியும் வயரைக் கடிக்கிறது.

கழற்றுவதற்கும் முறையுண்டு. முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்ற வேண்டும். உடனே கைவைக்கக் கூடாது. ஏர்பேக் பெட்டியில் தேங்கிய மின்சாரம் வடியக் காரின் கையேடு சொல்லும் நேரம்வரை பொறுக்க வேண்டும். அவசரப்பட்டால் காற்றுப்பை முகத்திலேயே வெடிக்கக்கூடும். பெரும்பாலும் மஞ்சள் நிறத்தில் இருக்கும் ஏர்பேக் இணைப்புகளில் சோதனை விளக்கை வைக்கவே கூடாது. வயரைப் பிடித்து இழுக்காமல், இணைப்பின் பூட்டை அழுத்தி விடுவிக்க வேண்டும். உடலில் உள்ள நிலைமின்சாரம் சில்லைக் கெடுக்காதிருக்க, பெட்டியைத் தொடுமுன் வெறும் இரும்பைத் தொட்டுக்கொள்வது நல்லது. கழற்றிய திருகுகளை வரிசையாக வைத்தால்தான் திரும்பப் பூட்டும்போது குழப்பம் வராது.

நேயர்களே, பெட்டி கெட்டுவிட்டது என்று புதிதாக மாற்றினால் பல நூறு வெள்ளி, சில வேளை ஆயிரத்துக்கு மேலும் செலவாகும். சில பெட்டிகளில் ஒரு சிறு பற்றை உருக்கி ஒட்டினாலே போதும். எது ஒட்டினால் தேறும், எதை மாற்றியே ஆக வேண்டும் என்று பிரித்தறிபவருக்குத்தான் மதிப்பும் கூலியும். ஏர்பேக் பெட்டியைப் போல உயிர் காக்கும் பாகங்களில் ஒட்டுவேலை கூடாது என்று தெரிந்திருப்பதும் அந்த அறிவில் அடங்கும்.

இதைப் பட்டறையில் கருவி எடுத்துக் கொடுப்பதால் மட்டும் கற்றுவிட முடியாது. நாட்டின் முதல் பாலிடெக்னிக்கான உங்கு ஓமார், 1969 முதல் ஈப்போவிலேயே இருக்கிறது. மலேசியத் திறன் சான்றிதழ் தரும் பயிற்சி நிலையங்களும் உண்டு. பட்டறையில் இருக்கும் பிள்ளைக்குக் கையில் திறமை இருந்தும் தாளில் சான்று இல்லையென்றால், கூலி பேசும்போது அவன் குரல் தாழ்ந்தே இருக்கும்.

நம் பெரியவர்கள் தோட்டத்தை விட்டு வெளியேறியபோது நிலமும் அவர்களுடையதாக இல்லை, வீடும் அவர்களுடையதாக இல்லை. மரத்தில் பட்டை காயாமல் வெட்டும் அருமையான கைத்திறன் அவர்களிடம் இருந்தது. ஆனால் மரம் போனதும் அதைக் கேட்பார் இல்லை. கார்களும் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஆகவே பிள்ளைகளுக்கு ஒரு தொழிலைக் கற்றுக் கொடுப்பதோடு நில்லாமல், அந்தத் தொழில் மாறும்போது தாமும் கூடவே கற்றுக்கொள்ளும் பழக்கத்தையும் கொடுத்து அனுப்புவோம்.